மேலே சுட்ட குண்டு எங்கே போகிறது?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரை)



இன்றைய கருத்துக்களத்தில் அறிவியல் பற்றிப் பேச வேண்டும் என்று சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. நான் படித்தது தொடர்புத் துறையில் டிப்ளோமா. ஐந்தாம் படிவத்தில் இயற்பியல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். இருந்தும் ஏன் ஒப்புக்கொண்டேன் என்றால், ஒரு கேள்விக்கு நான் சொன்ன தவறான பதில்தான் காரணம். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றை நேரலையில் வழிநடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்துப் பேசும் அங்கம். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் வந்தான். பாட்டுப் பாடவில்லை, யாருக்கும் பிறந்தநாள் வாழ்த்தும் சொல்லவில்லை. “அக்கா, துப்பாக்கிய மேல பாத்துச் சுட்டா குண்டு எங்க போவும்?” என்று கேட்டான். எனக்கு அடுத்த அழைப்பாளரை எடுக்கும் அவசரம். “வானத்துக்குப் போயி அப்படியே காத்துல கரைஞ்சிடும் தம்பி” என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு. தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர். குரலில் கோபம் இல்லை. “ஏம்மா, குண்டு என்ன கற்பூரமா, கரைஞ்சு போறதுக்கு? நீங்க டிவியில சொன்னா அந்தப் பையன் நம்பிடுவானே” என்றார். “மன்னிச்சிடுங்க சார்” என்றேன். மன்னிப்பை விட்டுவிட்டுப் பேனா எடுக்கச் சொன்னார். அரை மணி நேரம் பேசினார். அன்று கிறுக்கிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இங்கே பேசுகிறேன்.

ஆசிரியர் குண்டைப் பற்றி முதலில் பேசவே இல்லை. டுரியானைப் பற்றிக் கேட்டார். 20 மீட்டர் உயரமுள்ள மரம். 2 கிலோ பழமும் 1 கிலோ பழமும் ஒரே நேரத்தில் காம்பை விடுகின்றன. எது முதலில் தரைக்கு வரும்? நான் யோசிக்காமல் “2 கிலோ பழம்தான் சார்” என்றேன். தவறு. இரண்டும் 2 வினாடியில், ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். கனமான பழத்தைப் பூமி இரு மடங்கு விசையோடு இழுப்பது உண்மைதான். ஆனால், அந்தப் பழத்தை அசைப்பதற்கும் இரு மடங்கு விசை தேவைப்படுகிறதே! கணக்கு நேராகிவிடுகிறது. காற்றின் தடையை மறந்துவிட்டால், விழும் எந்தப் பொருளுக்கும் ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு 9.8 மீட்டர் என்ற அளவில் வேகம் கூடும். அதனால்தான் அந்த டுரியான் தரையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கப்சாய் மோட்டார் சைக்கிள் பெரிய சாலையில் போகும் வேகம்! டுரியானுக்குக் கண் உண்டு, மனிதர் தலையில் விழாது என்று நம் ஊரில் சொல்வார்கள். அது பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் விழுகிறது, அப்போது மரத்தடியில் ஆள் இருப்பதில்லை, அவ்வளவுதான். கண்ணை நம்பாத தோட்டக்காரர்கள் தலையில் கவசம் அணிந்துகொண்டுதான் பழம் பொறுக்குகிறார்கள்.

சரி, அப்படியானால் இலை மட்டும் ஏன் ஆடி ஆடி மெதுவாக இறங்குகிறது? காற்று தடுக்கிறது. காற்றே இல்லாத இடத்தில் இலையும் பழம் போலத்தான் விழும். 1971 ஆகஸ்டில் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சந்திரனில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் வல்லூற்றின் இறகையும் பிடித்து, கேமராவின் முன் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. ஒரு நிமிடம்கூட நீளாத அந்தக் காட்சியைத் தொலைக்காட்சிக்காரி என்ற முறையில் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அதைவிடத் தெளிவான அறிவியல் பாடத்தை எந்தத் தொலைக்காட்சி நிலையமும் எடுத்ததில்லை என்பது என் கருத்து.

காற்று தடுப்பது நமக்கு எவ்வளவு பெரிய நன்மை என்பதற்கு மழையே சாட்சி. 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளிக்குக் காற்றின் தடை இல்லாவிட்டால், அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் நம் தலையில் இறங்கும். குடை கிழிந்துவிடும். உண்மையில் பெரிய துளிகூட வினாடிக்கு 9 மீட்டர், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய வேகத்தில்தான் விழுகிறது. வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடும். ஒரு கட்டத்தில் பூமி இழுக்கும் விசையும் காற்று தடுக்கும் விசையும் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் ஏறாது. விழும் ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஓர் உச்ச வேகம் உண்டு. சிறியதற்கும் இலேசானதற்கும் அது குறைவு. கனமாகவும் கெட்டியாகவும் உள்ளதற்கு அதிகம்.

இனி குண்டுக்கு வருவோம். முதலில் மேலே சுட வேண்டாம், நேராக, தரைக்குச் சமமாகச் சுடுவோம். துப்பாக்கி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுடும் அதே கணத்தில் இன்னொரு குண்டை அதே உயரத்திலிருந்து கையால் கீழே விடுகிறோம். எது முதலில் தரையைத் தொடும்? தேசிய சேவைப் பயிற்சிக்குப் போய் எம்16 துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்த இளைஞர்களிடம் கேட்டிருக்கிறேன். “கையால போட்டதுதான் அக்கா, சுட்டது எங்கயோ போயிடுமே” என்கிறார்கள். எங்கேயோ போவது சரி. ஆனால், போய்க்கொண்டே விழுகிறது. முன்னோக்கிப் பாயும் வேகம் வேறு, கீழே இழுபடும் வேகம் வேறு. ஒன்றை மற்றொன்று தடுப்பதில்லை. இரண்டு குண்டுகளுக்கும் தரைக்கு வர அரை வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். ஒன்று காலடியில் விழும். மற்றது 400 மீட்டருக்கு அப்பால் விழும். 2009-ஆம் ஆண்டு ‘மித்பஸ்டர்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைச் செய்தே காட்டினார்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் சுமார் 0.04 வினாடி. கண் சிமிட்ட அதைவிட அதிக நேரம் ஆகும்.

இப்போது மேல்நோக்கிச் சுடுவோம். அந்தப் பையன் கேட்டது இதைத்தான்.

அமெரிக்க இராணுவ அதிகாரி ஜூலியன் ஹாட்சர் துப்பாக்கித் தொழில்நுட்பத்தில் பெயர் பெற்றவர். 1920-ஆம் ஆண்டில் புளோரிடாவில் நடந்த சோதனைகளைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். நீரின் நடுவே சிறு மேடை அமைத்து, இயந்திரத் துப்பாக்கியை நேராக வானத்தை நோக்கி வைத்து, 500-க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். மேடைக்குத் திரும்பி வந்தவை நான்கே நான்கு. மற்றவை காற்றில் விலகிச் சுற்றிலும் தண்ணீரில் விழுந்தன. குண்டு கிளம்பும்போது வேகம் வினாடிக்கு 820 மீட்டர் அளவு. காற்றே இல்லாவிட்டால் அந்த வேகத்துக்கு அது 34 கிலோமீட்டர் உயரம் போயிருக்க வேண்டும். காற்று தடுத்ததால் 3 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. மேலே போக 18 வினாடி, கீழே வர 31 வினாடி. ஆகமொத்தம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. திரும்பி வரும்போது அதன் வேகம் வினாடிக்கு 90 மீட்டர்.

820 மீட்டரில் போனது 90 மீட்டரில் வருகிறதே, பரவாயில்லை என்று நான் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் உடனே, “90 மீட்டர்னா மணிக்கு எவ்வளவும்மா? போட்டுப் பாருங்க” என்றார். போட்டுப் பார்த்தேன். 324 கிலோமீட்டர். சிறு குண்டு ஒன்று மனிதத் தோலைத் துளைக்க வினாடிக்கு 60 மீட்டர் வேகம் அளவே போதும் என்கிறார்கள். உச்சந்தலையில் விழுந்தால் சொல்ல வேண்டியதில்லை. இதுவும் துல்லியமாக நேர்மேலே சுட்டால்தான். கொண்டாட்டத்தில் இருப்பவன் கோணம் பார்த்தா சுடுகிறான்? சற்றுச் சாய்த்துச் சுட்ட குண்டு வளைந்து போய், சுழற்சியும் வேகமும் முழுதாகக் குறையாமலே இறங்கும். அது இன்னும் ஆபத்தானது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 1999 ஜூனில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 14 வயதுப் பெண்பிள்ளை தன் வீட்டுப் பின்புறத்தில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். எங்கோ யாரோ வானத்தை நோக்கிச் சுட்ட குண்டு அவள் தலையில் விழுந்து உயிரைப் பறித்தது. அந்தப் பெற்றோர் சும்மா இருக்கவில்லை. போராடினார்கள். 2000-ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலம் நகர எல்லைக்குள் இப்படிச் சுடுவதைக் கடுங்குற்றமாக்கியது. 2003 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது போர்ட்டோ ரிக்கோ தீவில் விழுந்த குண்டுகளால் 19 பேர் காயமடைந்தார்கள். அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார்.

நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. 2007 ஜூலையில் ஆசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டியை நம் நாடும் சேர்ந்து ஏற்று நடத்தியது. புக்கிட் ஜாலில் அரங்கத்தில் நடந்த அரையிறுதியில் ஈராக் தென்கொரியாவைப் பினால்டியில் வென்றது. பிறகு ஜகார்த்தாவில் சவூதி அரேபியாவையும் வீழ்த்திக் கிண்ணத்தைத் தட்டிச் சென்றது. போர் நடந்துகொண்டிருந்த நாட்டின் அணி வென்றதில் நாம் எல்லாரும் கைதட்டினோம். அந்த நாள்களில் ஈராக்கில் மகிழ்ச்சி தாங்காமல் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். விழுந்த குண்டுகளுக்குச் சிலர் பலியானார்கள். கோல் போட்டதைக் கொண்டாடத் தெருவுக்கு வந்தவர்கள்.

அடுத்த வாரம் அதே நிகழ்ச்சியில் நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டு, சரியான பதிலைச் சொன்னேன். தயாரிப்பாளருக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. சிறுவர் நிகழ்ச்சியில் குண்டு எதற்கு என்றார். ஆனால், பையன் பார்த்துக்கொண்டிருந்தான். உடனே அழைத்துவிட்டான். “அக்கா, சுட்ட சத்தம் மொதல்ல வருமா, குண்டு மொதல்ல வருமா?”

இந்த முறை உளறவில்லை. விளம்பர இடைவேளையில் ஆசிரியரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னேன். ஒலி நம் ஊர் வெப்பத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். குளிர்ந்த நாட்டில் இன்னும் சற்றுக் குறைவு. எம்16 குண்டு வினாடிக்கு 900 மீட்டருக்கு மேல் பாய்கிறது. 300 மீட்டர் தூரத்தில் நிற்பவரைக் குண்டு அரை வினாடிக்குள் எட்டிவிடும். சத்தம் அதன் பிறகுதான் வரும். மேலே சுட்ட குண்டுக்கு நிலைமை தலைகீழ். சத்தம் முதலில் வந்து போய்விடும். கேட்டவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பட்டாசு என்று நினைப்பார்கள், பேச்சைத் தொடர்வார்கள். குண்டு அதற்குப் பிறகும் முக்கால் நிமிடம் வானத்தில் இருக்கும். எனக்கு இதில் மிகவும் திகிலூட்டியது இந்த முக்கால் நிமிடம்தான். சுட்டவன் அதற்குள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேக் வெட்டப் போயிருப்பான்.

ஒலி பின்தங்கி வருவதை நாம் தினமும் பார்க்கிறோம், கவனிப்பதில்லை. சுதந்திர தின அணிவகுப்பில் போர் விமானம் பறக்கும்போது, சத்தம் வரும் திசையில் பார்த்தால் விமானம் இருக்காது. அது அதற்குள் முன்னே போயிருக்கும். கோயில் திருவிழாவில் சொடுக்கும் சாட்டை இருக்கிறதே, அதன் நுனி ஒலியைவிட வேகமாகப் போவதால்தான் அந்தச் ‘சடார்’ சத்தமே வருகிறது. துப்பாக்கிக் குண்டு செய்வதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சாட்டை செய்திருக்கிறது பாருங்கள்.

மின்னலும் அப்படித்தான். மின்னலைக் கண்டவுடன் வினாடிகளை எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்டதும் நிறுத்துங்கள். எண்ணியதை மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் வெட்டியது என்பது தெரிந்துவிடும். 9 வினாடி என்றால் 3 கிலோமீட்டர். வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைகளோடு எண்ண அருமையான விளையாட்டு. ஆனால், பள்ளித் திடலில் அது விளையாட்டு அல்ல. உலகில் மின்னல் மிகுதியாக வெட்டும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் தரையில் இறங்கும். எனவே எண்ணிக்கை 30-க்குள் வந்தால் திடலைவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும் என்பது உலகமெங்கும் சொல்லப்படும் பாதுகாப்பு விதி. மழையே இன்னும் வரவில்லை, பத்து நிமிடம் ஆடிவிட்டுப் போகலாம் என்று சொல்லும் பயிற்றுநர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு மழை வந்ததும் பிள்ளைகளை மரத்தடியில் ஒதுங்கச் சொல்வார்கள். நிற்கவே கூடாத இடம் அதுதான்.

துப்பாக்கிக்குத் திரும்புகிறேன். நம் நாட்டில்தான் துப்பாக்கிச் சட்டம் கடுமையாயிற்றே, இந்தக் கதையெல்லாம் நமக்கு எதற்கு என்று இங்கே சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் குடியிருப்பது அடுக்குமாடியில். ஒரு நாள் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது வெளியே ஏதோ ‘தொப்’பென்று விழுந்தது. அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி, பாதிக்கு மேல் தண்ணீரோடு. சிமெண்டில் சிதறிக் கிடந்தது. அன்று இரவு ஆசிரியர் கற்றுக்கொடுத்த கணக்கை உட்கார்ந்து போட்டேன்.

இருபதாவது மாடி என்றால் ஏறக்குறைய 60 மீட்டர். விழ எடுக்கும் நேரம் மூன்றரை வினாடி. நிறைந்த அரை லிட்டர்ப் புட்டியைக் காற்று ஓரளவு தடுத்தாலும், கீழே வரும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குக் குறையாது. அதன் தாக்கும் ஆற்றலைப் பார்த்தால், வானத்திலிருந்து விழும் அந்தத் துப்பாக்கிக் குண்டைப்போல் மூன்று மடங்கு வருகிறது. கூர்மை இல்லாததால் துளைக்காது. ஆனால், கழுத்தும் மண்டையும் அதைத் தாங்காது. பூந்தொட்டி போன்ற கனமான பொருளைக் காற்று அவ்வளவாகத் தடுக்காது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். துப்பாக்கி வேண்டாம், உரிமம் வேண்டாம். உயரமும் ஒரு சோம்பேறிக் கையும் போதும்.

2018 ஜனவரி 15-ஆம் நாள் தலைநகர் பந்தாய் டாலாமில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பிள்ளை, 15 வயது. தாயோடு கடைக்குப் போய்விட்டுத் தன் அடுக்குமாடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். மேலிருந்து வந்த ஓர் அலுவலக நாற்காலி அவன் தலையில் விழுந்தது. தாய் கண்ணெதிரே. அன்று செய்தியறையில் இருந்த எங்களில் பலருக்குப் பேச்சே வரவில்லை. 2019-இல் சிங்கப்பூரில் மாடியிலிருந்து வீசப்பட்ட மதுப்புட்டி தாக்கி 73 வயது முதியவர் இறந்தார். வீசியவருக்கு 2022-இல் ஐந்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இந்த மூன்றரை வினாடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குரல் 60 மீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே கைதவறித் தொட்டி விழுந்துவிட்டால், மேலே இருப்பவர் அந்தக் கணமே கத்தினால் குரல் முதலில் கீழே போய்ச் சேரும். கீழே நடப்பவர் கூரைக்குள் பாய மூன்று வினாடி கிடைக்கும். கைதவறியவர் கத்துவார். வேண்டுமென்றே வீசுபவர் கத்துவதில்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கீழே இருப்பவருக்கோ எந்தச் சத்தமும் முன்கூட்டிக் கேட்பதில்லை.

அந்தப் பையன் மூன்றாவது முறையும் அழைத்தான். அப்போது பந்தாய் டாலாம் சம்பவம் நடந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அவனும் அடுக்குமாடிப் பிள்ளை. பதினேழாவது மாடியாம். “அக்கா, எங்க பிளாட்டுல கீழ நடக்கிறப்ப நான் மேல பாத்துக்கிட்டே நடக்கணுமா?”

“வேணாம் தம்பி, மேல பாத்தா முகத்துல படும். கட்டடத்துக்கு ஒட்டி நடக்காத, கூரை போட்ட நடைபாதை வழியா போ” என்றேன். “எங்க பிளாட்டுல அந்த மாதிரி நடைபாதை இல்லையே அக்கா” என்றான்.

இந்த வார இறுதியில் உங்கள் குடியிருப்பில் கூட்டம் ஏதும் இருந்தால், அவன் சொன்னதை அங்கே எழுப்புங்கள். நேரம் முடிந்தது என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள்.